சிட்டையும் பேரேடும்: மறதி நோயும் நம் வீட்டுப் பெரியவர்களும்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி கேட்டபோது, சிதறால் மலையைப் பற்றியோ நன்னூலைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். இந்த முறை மூளையைப் பற்றி எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1983-ல் பாறசாலைக்கு வந்து அரிசி மொத்த வியாபாரம் செய்தவன். பள்ளிப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தது. இந்த விஷயத்தைப் படித்தே ஆகவேண்டிய கட்டாயமும் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. என் தாயார் கடைசி ஐந்து ஆண்டுகள் மறதி நோயோடு எங்களுடன் வாழ்ந்து 2016-ல் காலமானார். அப்போது நான் செய்த பிழைகளை நம் எல்லையோரக் குடும்பங்களில் வேறு யாரும் செய்யக்கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நினைவு ஒரே பெட்டி அல்ல

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு கடைக்கணக்கு எழுதியவர்களுக்குச் சிட்டை தெரியும், பேரேடு தெரியும். பகலில் நடக்கிற வரவு செலவெல்லாம் வந்த வரிசையில் சிட்டையில் ஏறும். கடை அடைத்த பிறகு அதைப் பிரித்து, யார் யார் பேரில் எவ்வளவு என்று பேரேட்டில் ஏற்றுவோம். சிட்டை அன்றாடத்துக்கு, பேரேடு காலத்துக்கு. பேரேடு பத்திரமாக இருந்தும் சிட்டை தொலைந்துபோனால் என்ன ஆகும்? பழைய கணக்கெல்லாம் இருக்கும். இன்று காலையில் வந்த லாரி மட்டும் கணக்கிலேயே இருக்காது.

மூளையிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. காதுக்கு உட்பக்கமாக, பொட்டுக்குப் பின்னால், மூளையின் இரண்டு பக்கமும் விரல் அளவில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. பார்ப்பதற்குக் கடல்குதிரை போல இருப்பதால் அந்தக் கிரேக்கப் பெயர். அதுதான் சிட்டை. மூளையின் மேற்பரப்பில் மடிப்பு மடிப்பாகப் பரந்துகிடக்கும் புறணி என்ற பகுதிதான் பேரேடு.

இதை உலகம் தெரிந்துகொண்டது ஒரு மனிதரின் துயரத்தால். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்குத் தீராத வலிப்பு நோய். 1953-ல், அவருடைய 27-வது வயதில், ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரண்டு பக்கத்து ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து மொலைசனுக்குப் புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் புது ஆளாகத் தெரிவார். இளமைக்கால விஷயங்களைக் கேட்டால் மட்டும் சொல்வார். 2008-ல் இறக்கும்வரை இதே நிலைதான்.

அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் இன்னொரு விசித்திரத்தையும் கண்டார். கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியை மொலைசனுக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேர்ச்சி பெற்றது. ஆனால் முந்தின நாள் வரைந்த நினைவு மட்டும் அவருக்குச் சிறிதும் இல்லை! ஆக, கைப்பழக்கத்துக்குக் கணக்குப் புத்தகமே வேறு. அடிமூளையில் உள்ள நரம்பணுத் திரள்களும் சிறுமூளையும் அதைக் கவனித்துக்கொள்கின்றன.

இந்தப் பாடம் நமக்குப் பக்கத்திலேயே பயன்பட்டு வருகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிலையத்தில் 1995 முதல் வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். மாத்திரைக்கு அடங்காத, பொட்டுமடலிலிருந்து கிளம்பும் வலிப்பாக இருந்தால், கெட்டுப்போன பக்கத்து ஹிப்போகேம்பஸை எடுத்துவிடுவார்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டுமே. அதற்கும் முன்னால் நினைவாற்றலைப் பல வகையில் சோதித்து, மறுபக்கம் சுமையைத் தாங்குமா என்று பார்த்த பிறகே கத்தி வைப்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இவ்வாறு பயன் பெற்றிருக்கிறார்கள். மொலைசன் இழந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை.

சுற்று ஓடும் வழி

கண், காது, மூக்கு வழியாக வருகிற செய்திகள் புறணியில் பக்குவப்பட்டு, ஹிப்போகேம்பஸுக்கு வாசல்போல அமைந்த என்டோரைனல் புறணிக்கு வந்து சேர்கின்றன. அங்கிருந்து உள்ளே மூன்று கட்டமாகக் கைமாறுகின்றன. முதல் கட்டம், ஒன்றுபோலிருக்கும் இரண்டு செய்திகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. நேற்று வண்டியை நிறுத்திய இடம் வேறு, இன்று நிறுத்திய இடம் வேறு என்று தெரிவது இதனால்தான். இரண்டாம் கட்டம் சிதறிய துண்டுகளை ஒன்றாகக் கட்டுகிறது. பிற்பாடு ஒரு வாசனை மட்டும் வந்தாலும் முழு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருவது இந்தக் கட்டினால். மூன்றாம் கட்டம், கட்டியதைச் சரிபார்த்து மீண்டும் புறணிக்கே அனுப்புகிறது.

இன்னொரு பெரிய சுற்றும் உண்டு. ஹிப்போகேம்பஸிலிருந்து கிளம்பும் நரம்புக் கற்றை மூளையின் அடியில் உள்ள இரண்டு சிறு குமிழ்களுக்குப் போய், அங்கிருந்து தலாமஸ் என்ற நடுநிலையத்தைத் தொட்டு, மறுபடியும் கிளம்பிய இடத்துக்கே வருகிறது. 1937-ல் இதை விவரித்த ஜேம்ஸ் பேப்பஸின் பெயரால் பேப்பஸ் சுற்று என்கிறார்கள். அவர் இதை உணர்ச்சிக்கான சுற்று என்று நினைத்தார். நினைவுக்கே இது மிக முக்கியம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அளவுக்கு மீறிக் குடித்து, சரியாகச் சாப்பிடாமல் வைட்டமின் பி1 வற்றிப்போனவர்களுக்கு அந்தக் குமிழ்களும் தலாமஸும் பாழாகின்றன. அவர்களுக்குப் புதிய நினைவு தங்காது. நடக்காததையும் நடந்ததாகச் சொல்வார்கள். அதைப் பொய் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நோய்.

நரம்பணுவுக்கும் நரம்பணுவுக்கும் நடுவே உள்ள இணைப்பு, அடுத்தடுத்துத் தூண்டப்பட்டால் உறுதிப்பட்டு நிற்கிறது. 1973-ல் பிளிஸ், லோமோ என்ற இருவர் முயலின் ஹிப்போகேம்பஸில் இதை விரிவாகக் காட்டினார்கள். பகலில் ஏறிய சிட்டையைப் பேரேட்டுக்கு மாற்றும் வேலை பெரும்பாலும் தூக்கத்தில் நடக்கிறது. பரீட்சைக்கு முந்தின இரவு முழுக்கக் கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஒரு திருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். என் பேரேட்டில் எழுதிய மை அப்படியே இருக்கும். மூளையின் பேரேடு அப்படி இல்லை. ஒவ்வொரு தடவை எடுத்துப் படிக்கும்போதும் கொஞ்சம் மாறி எழுதப்படுகிறது. அண்ணன் தம்பி இருவர் ஒரே கல்யாணத்தை இரண்டு விதமாகச் சொல்லிச் சண்டை போடுவதற்குக் காரணம் இதுவே.

அவதானமும் நன்னூலும்

நினைவாற்றலில் நம் பகுதி பேர்போனது. கோட்டாறு இடலாக்குடியில் 1874-ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செய்திகளை ஒருங்கே மனத்தில் நிறுத்தும் சதாவதானம் செய்து காட்டினார். நாகர்கோவில் அன்று நம் திருவிதாங்கூரில் இருந்தது. சமணரிலும் அவதானிகள் உண்டு. காந்தியடிகள் பெரிதும் மதித்த ஸ்ரீமத் ராஜசந்திரர் 1887-ல் பம்பாயில் சதாவதானம் செய்தவர்.

சாதாரண மனிதருக்கு, நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையால் ஒரே நேரத்தில் நாலைந்து விஷயங்களைத்தான் பிடித்துவைக்க முடியும். அவதானிக்கு மூளை பெரிதல்ல, பேரேடு பெரிது. யாப்பும் பாட்டும் கணக்கும் முன்பே ஊறிக் கிடப்பதால், புதிதாக வருவதை உடனே ஒரு பழைய கொக்கியில் மாட்டிவிடுகிறார்.

சமண முனிவரான பவணந்தியார் நன்னூலில் பாடம் கேட்கும் முறை சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் தங்கும், உடன் படிப்பவரோடு பழகுவதால் இன்னொரு கால், மற்றவருக்கு எடுத்துச் சொல்வதால் மீதி அரை என்பது அவர் கணக்கு. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே நினைவை உறுதியாக்கும் என்று இன்றைய உளவியல் சோதனைகளும் காட்டுகின்றன. மூளை நரம்பெல்லாம் பவணந்தியாருக்குத் தெரியும் என்று மார்தட்ட நான் வரவில்லை. பல தலைமுறை மாணாக்கரைக் கூர்ந்து பார்த்தவர், அவ்வளவுதான்.

வயசா, நோயா?

வயதானால் எல்லோருக்கும் வேகம் குறையும். பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வராது. அரை மணி கழித்துக் குளிக்கும்போது வரும். கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடுவோம். இதெல்லாம் வயசு. சொல்வளமும் உலக அனுபவமும் எழுபதைத் தாண்டியும் பெரிதாகக் குறைவதில்லை. வயதானால் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துவிடும் என்று முன்பு நினைத்தார்கள். நோயில்லாத முதுமையில் அப்படி இல்லை, இணைப்புகள்தான் தளர்கின்றன என்று இப்போது சொல்கிறார்கள்.

நோயின் வழி வேறு. 1906-ல் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், ஐம்பது வயதிலேயே நினைவு குழம்பி இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையைப் பரிசோதித்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே சிக்கல் விழுந்த இழைகளையும் கண்டு சொன்னார். வெளியே சேர்வது அமிலாய்டு, உள்ளே சிக்குவது டௌ என்ற புரதம். அந்தச் சிக்கல் புறணியில் எந்த வரிசையில் பரவுகிறது என்பதை 1991-ல் பிராக் தம்பதியர் படம்போட்டுக் காட்டினார்கள். அது முதலில் தொடுவது மேலே சொன்ன வாசலை. அடுத்தது ஹிப்போகேம்பஸ். அதற்குப் பிறகே புறணியின் மற்ற பகுதிகள்.

இந்த வரிசை புரிந்தால் நோயாளி புரிவார். வாசல் அடைபட்டதும் சிட்டை எழுதுவது நின்றுவிடுகிறது. காலையில் சாப்பிட்டது தெரியாது, கேட்டதையே கேட்பார்கள். ஆனால் கல்யாணத்துக்கு வந்த மாட்டுவண்டி எத்தனை என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்று பிரெஞ்சுக்காரர் ரிபோ 1881-லேயே எழுதிவிட்டார். இது தெரியாமல் நாம், "அதெல்லாம் நல்லாத்தானே ஞாபகம் இருக்கு, இது மட்டும் எப்படி மறக்கும்? வேணும்னே பண்றாங்க" என்கிறோம்.

நானும் அதைத்தான் சொன்னேன். என் அப்பா 1994-ல் இறந்தார். அதன் பிறகுதான் அம்மா பாறசாலைக்கு வந்தார். 2012-ல் ஒருநாள் சாயங்காலம், "நெல்லு போட்டுட்டு உங்கப்பா வந்துட்டாராப்பா?" என்றார். அன்றைக்கே அது ஐந்தாவது தடவை. "அப்பா செத்துப் பதினெட்டு வருஷம் ஆச்சும்மா, எத்தனை வாட்டி சொல்றது?" என்று கத்தினேன். சிட்டை இல்லாதவருக்கு அது பழைய செய்தி அல்ல, அப்போதுதான் வந்த சாவுச் செய்தி. அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. காரணம் பத்து நிமிடத்தில் அவருக்கு மறந்துவிட்டது. ஆனால் அன்று இரவு முழுவதும் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிற்பாடு படித்தேன். அமெரிக்காவில் அயோவாவில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகப் படமும் மகிழ்ச்சிப் படமும் போட்டுக் காட்டி, 2014-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். படத்தில் பார்த்தது சீக்கிரமே மறந்துபோயிருக்கிறது, அது உண்டாக்கிய சோகமும் மகிழ்ச்சியும் மட்டும் நெடுநேரம் தங்கியிருக்கின்றன. நாம் திட்டியது மறந்துபோகும், திட்டு வாங்கிய வலி மறக்காது. அதற்குப் பிறகு அம்மா கேட்டால், "அப்பா எந்த மண்டிக்கும்மா நெல்லு கொண்டுபோவாரு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். வந்தவாசி, ஆரணி என்று அரை மணி நேரம் சந்தோஷமாகப் பேசுவார்.

எல்லா மறதியும் அல்சைமர் அல்ல

இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். என் மூத்த மைத்துனர் சர்க்கரை நோய்க்குப் பல வருடம் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர், பரம்பரையாகச் சைவச் சாப்பாடு. கொஞ்ச நாளில் நினைவு மங்கி, கால் மரத்து, நடை தடுமாறியது. "வயசாச்சு" என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டோம். கடைசியில் ரத்தம் சோதித்ததில் வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டுச் சில மாதங்களில் மறுபடியும் கணக்கு எழுத உட்கார்ந்தார். சைவச் சாப்பாட்டில் பி12 குறைவு, அந்த மாத்திரையும் அதைக் குறைக்கும். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டுச் சிறுகச் சிறுகச் சேரும் ரத்தக்கட்டு, மூத்திரத் தொற்று போன்ற காய்ச்சல்கள் இவையும் மறதியாகவோ குழப்பமாகவோ வரும். இவற்றைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். ரத்த அழுத்தத்தாலும் சிறுசிறு பக்கவாதத்தாலும் வரும் மறதி திரும்பாவிட்டாலும், மேலும் மோசமாகாமல் தடுக்க வழி உண்டு. ஆகவே, "வயசாச்சு" என்பது கடைசியாகச் சொல்லவேண்டிய வார்த்தை.

கேரளம் இந்த விஷயத்தில் முன்னோடி. டாக்டர் ஜேக்கப் ராய் முன்னின்று தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கம் 1992-ல் இங்கே பிறந்ததுதான். 2005-ல் மோகன்லால் நடித்து வந்த 'தன்மாத்ரா' படம் அந்த நோயின் பெயரை வீடுதோறும் கொண்டுபோனது. 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி அறுபது வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருக்கிறது. சுமார் 88 லட்சம் பேர். முதியோர் விகிதம் அதிகமுள்ள கேரளத்தில் எந்தத் தெருவும் இதற்கு விலக்காக இருக்க முடியாது.

மொழியும் நினைவும்

எல்லையோரத் தமிழர்களான நமக்கென்று ஒரு செய்தி இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடும் கல்குளமும் அந்தப் பக்கம் போயின, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. களியக்காவிளையில் ஒரு மொழி, இஞ்சிவிளையில் ஒரு மொழி என்று அரசாங்கம் சொன்னாலும், நம் வாயில் அன்றும் இன்றும் இரண்டும் உண்டு. இது வீண் போகவில்லை. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் மருத்துவரும் குழுவினரும் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு மறதி நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகவே தலைகாட்டியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இதைக் கண்டார்கள். எல்லா நாட்டு ஆய்வுகளும் இதே முடிவைச் சொல்வதில்லை. ஆனாலும் இது நம் நாட்டு மக்களிடமே கண்டது என்பதால் எனக்கு இதில் மதிப்பு அதிகம்.

நோய் வந்துவிட்டால் என்ன ஆகும்? பின்னால் கற்ற மொழி முன்னால் போகக்கூடும். அம்மா ஐம்பத்தெட்டு வயதுக்குமேல் பாறசாலைச் சந்தையில் மலையாளம் கற்றவர். பக்கத்து வீட்டுப் பெண்ணை "மோளே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். நோய் வந்து இரண்டாம் வருடம் மலையாளம் அவருக்கு அந்நிய பாஷை ஆகிவிட்டது. பார்த்துக்கொள்ள வந்த பெண் அன்பாகத்தான் பேசுவாள். அம்மா மிரண்டுபோய் என்னைப் பார்ப்பார். மருத்துவச் சோதனையிலும் இது முக்கியம். உலகம் முழுதும் பயன்படும் ஆடன்புரூக் சோதனையை, ஸ்ரீ சித்திரா ஆய்வாளர்கள் மலையாளிகளுக்கு ஏற்றபடி மாற்றி 2004-ல் வெளியிட்டார்கள். மொழியும் படிப்பும் மாறினால் மதிப்பெண்ணும் மாறும் என்பதால்தான் இந்தப் பாடு. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவரை அழைத்துப் போகும்போது, "இவருக்குத் தாய்மொழி தமிழ்" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

என் மகள் சின்ன வயதில் எங்கள் ஊர் வழக்கப்படி பாட்டியை "ஆயா" என்றுதான் கூப்பிடுவாள். யு.கே.ஜி. படிக்கும்போது, ஆயா என்றால் நர்சரியில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்தானே என்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்களாம். அன்றிலிருந்து "அம்மூம்மா" ஆயிற்று. அம்மாவும் அதற்குப் பழகிக்கொண்டார். நோய் முற்றிய பிறகு, கல்லூரியிலிருந்து வந்து அவள் "அம்மூம்மா, அம்மூம்மா" என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறாள் என்று சும்மா இருந்தார். ஒருநாள் நான், "ஆயான்னு கூப்பிட்டுப் பாரும்மா" என்றேன். கூப்பிட்டாள். அம்மா சட்டென்று திரும்பி, "எப்ப வந்தே? சாப்பிட்டியா?" என்றார். பேரேட்டில் அந்தப் பெயரில்தான் கணக்கு இருந்தது.

கடைசி வருடம் என் பெயரும் போய்விட்டது. ஆனால் முறத்தைக் கையில் கொடுத்தால் அரிசி புடைப்பார், ஒரு மணி கீழே சிந்தாது. நவகார மந்திரத்தை நான் தொடங்கினால் பிழையில்லாமல் முடிப்பார். கைக்கணக்கும் வாய்ப்பாடமும் கடைசிவரை நின்றன.

செய்யக்கூடியவை

அல்சைமரை முழுதும் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. டோனெபசில், ரிவாஸ்டிக்மின் போன்றவை அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் காத்துச் சிலருக்குச் சில காலம் தாங்குகின்றன. அமிலாய்டைக் கரைக்கும் லெகானெமாப் என்ற ஊசிக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி தந்தது. ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. மூளை வீக்கம், ரத்தக்கசிவு போன்ற ஆபத்தும் உண்டு.

வருமுன் காப்பதில் நம்பிக்கை அதிகம். படிப்பின்மை, காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மிதமிஞ்சிய குடி, தனிமை என்று 14 காரணங்களைக் கவனித்தால், மறதி நோயில் ஏறக்குறைய பாதியை, அதாவது 45 விழுக்காட்டை, தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று லான்செட் குழு 2024-ல் மதிப்பிட்டது. பெரியவர்கள் 120 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையில், வாரம் மூன்று நாள் வேக நடை நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் ஒரு வருடத்தில் 2 விழுக்காடு வளர்ந்ததாக 2011-ல் எழுதியிருக்கிறார்கள். காது கேட்கவில்லை என்றால் வெட்கப்படாமல் கருவி வைத்துக்கொள்ளுங்கள். கேட்காத காதுக்குச் சிட்டை எழுத ஒன்றும் கிடைக்காது.

நோய் வந்துவிட்ட வீட்டில், "இது யாரு சொல்லு பார்ப்போம்?" என்று பெரியவருக்குப் பரீட்சை வைக்காதீர்கள். சாமான்களை இடம் மாற்றாதீர்கள். தெரிந்த கைவேலையைக் கொடுங்கள். நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கோ மகளுக்கோ வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் மலையாளம் படிக்கட்டும், ஆங்கிலம் படிக்கட்டும், எல்லாம் அவர்களுக்கு நல்லதே. ஆனால் வீட்டில் தாத்தா பாட்டியை முதலில் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களோ, அந்தப் பெயரை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பெரியவர்களின் பேரேடு தமிழில் எழுதியது. ஒருநாள் அவர்களாலேயே அதைப் புரட்ட முடியாமல் போகலாம். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளையாவது வேண்டும்.